ஷேர்பாயின்ட்டுக்கு உலாவிப் பக்க நிரல் கற்க: ரியாக்டில் தொடங்குவதா, வேறெங்காவது தொடங்குவதா?

#1 படிக்கட்டு

வணக்கம். நான் நிரலாளர் இல்லை. ஆறு வருடமாக எங்கள் அலுவலகத்தின் கோரிக்கைப் பட்டியல்களை ஷேர்பாயின்ட்டில் (மைக்ரோசாஃப்ட்டின் அலுவலகத் தள மென்பொருள்) பராமரிக்கிறேன். பவர் ஆட்டோமேட்டில் ஃப்ளோ (தானாக ஓடும் பணிவரிசை) எழுதுவேன். ஜேசன் (தரவை உரையாக எழுதும் வடிவம்) வைத்துப் பட்டியலின் கட்டங்களுக்கு நிறம் மாற்றுவேன். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ஓரளவு தெரியும். ஜாவாஸ்கிரிப்ட் பாதி தெரியும் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது மேலாளர் ஒரு வெப் பார்ட் (தளப் பக்கத்தில் பதிக்கும் சிறு செயலி) கேட்கிறார். ஒவ்வொரு குழுவிலும் எத்தனை கோரிக்கை நிலுவையில் இருக்கிறது என்று ஒரே பக்கத்தில் காட்ட வேண்டும், அங்கேயே ஒப்புதல் கொடுக்கவும் முடிய வேண்டும். டீம்ஸில் ஒரு டேபாகவும் வர வேண்டுமாம்.

வெப் பார்ட் எழுதும் கருவித்தொகுப்பான ஷேர்பாயின்ட் ஃப்ரேம்வொர்க் பயிற்சியில் உட்கார்ந்து 'ஹலோ வேர்ல்ட்' வரை வந்துவிட்டேன். ஆனால் ஒரு வரியை மாற்ற நினைத்தால் எந்தக் கோப்பைத் தொடுவது என்றே தெரியவில்லை. அவ்வளவு கோப்புகள். மூன்று மாதம் ரியாக்ட் (திரையைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) படித்துவிட்டு வா என்கிறார் ஒருவர். தினமும் மாலையில் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். எந்த வரிசையில் படித்தால் அந்த நேரம் வீணாகாது?

#2 ஊசிநூல்

ரியாக்ட்தான் என் வோட்டு. ஃப்ரேம்வொர்க் உருவாக்கித் தரும் சட்டகங்களில் ரியாக்ட் உண்டு, பொத்தான், பெட்டிகளைத் தயாராகத் தரும் மைக்ரோசாஃப்ட்டின் ஃப்ளூயன்ட் யூஐ ரியாக்ட், இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளிலும் பெரும்பாலானவை ரியாக்ட். ஆனால் மூன்று மாதமெல்லாம் வேண்டாம். காம்பொனன்ட் (திரையின் ஒரு துண்டு), ப்ராப்ஸ் (அதற்கு வெளியிலிருந்து வரும் மதிப்புகள்), யூஸ்ஸ்டேட் (மாறும் மதிப்பை, அதாவது ஸ்டேட்டை, வைத்திருப்பது), யூஸ்எஃபெக்ட் (திரை வரைந்தபின் தரவு கேட்பது போன்ற வேலையைச் செய்வது). இந்த நாலும் கைக்கு வந்தால் போதும். ரீடக்ஸ், ரூட்டர், சர்வர் காம்பொனன்ட் பக்கம் இப்போதைக்குத் திரும்பிக்கூடப் பார்க்காதீங்க.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். நான் கையாண்ட ஃப்ரேம்வொர்க் பதிப்புகள் எல்லாம் ரியாக்ட் 17.0.1-ல்தான் ஓடின. வெளியில் கிடைக்கும் பாடங்கள் 18, 19-க்கு எழுதினவை. அதில் வரும் புது ஹுக்கை (யூஸ்ஸ்டேட் போன்ற கருவி) இங்கே போட்டால் வேலை செய்யாது, தப்பு உங்களுடையதுன்னு நினைச்சு ராத்திரி முழுக்கத் தேடுவீங்க. ரியாக்டை நீங்களே புதுப்பிக்கவும் முயற்சி செய்யாதீங்க.

எந்தக் கோப்புன்னு கேட்டீங்களே: முதல் மாதத்துக்கு இரண்டே கோப்புதான். பெயர் 'வெப்பார்ட் டாட் டிஎஸ்' என்று முடிவது வாசல். தளத்தின் தகவல்களை வாங்கி உள்ளே அனுப்புவது அது. 'காம்பொனன்ட்ஸ்' அடைவில் 'டிஎஸ்எக்ஸ்' என்று முடிவது திரை. மற்றதெல்லாம் கட்டுமானச் சாரம், தொடாமல் விடுங்க.

#3 பழைய ஏடு

ஊசிநூல் சொன்ன கோப்பு விளக்கம் அருமை. ஆனால் வரிசையில் எனக்கு உடன்பாடில்லை.

2007 பதிப்பின் காலத்திலிருந்து இதே வேலையில் இருக்கிறேன். அப்போது நிரல் சேவையகத்துக்குள் ஓடியது. ஒருவர் எழுதிய பிழை எல்லாருடைய தளத்தையும் படுக்க வைத்துவிடும். 2010-ல் உலாவியிலிருந்தே பட்டியலோடு பேசும் வழி வந்தது. 2013-ல் ரெஸ்ட் முகவரிகள் (தரவைக் கேட்டு வாங்கும் இணைய முகவரிகள்) விரிவாயின, ஆட்-இன் என்ற துணைச் செயலி முறை வந்தது. பக்கத்தில் நிரல் ஒட்டும் ஸ்கிரிப்ட் எடிட்டருக்குள் ஜேக்வெரி நூலகத்தைத் திணித்துக் காலம் ஓட்டினோம். 2017 பிப்ரவரியில் இப்போதைய ஃப்ரேம்வொர்க் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. கருவிகளை நான்கு முறை தலைகீழாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 2010-க்குப் பிறகு மாறாமல் இருப்பது ஒன்றுதான்: உள்நுழைந்திருக்கும் பயனரின் பெயரால் உலாவி ஒரு பட்டியலிடம் கேள்வி கேட்கிறது, பட்டியல் பதில் தருகிறது. அந்தக் கேள்வியையும் பதிலையும் வெறுங்கண்ணால் பார்க்காமல் ரியாக்டுக்குள் போனால், தவறு நேரும்போது அது திரையிலா, கேள்வியிலா, அனுமதியிலா என்று பிரித்தறியவே முடியாது.

ஆகவே இன்று மாலை எதையும் நிறுவ வேண்டாம். உங்கள் தளத்தை உலாவியில் திறந்து எஃப்12 அழுத்துங்கள், நிரலாளர் கருவிகள் திறக்கும். அதில் கட்டளை எழுதும் இடமான கன்சோலில் 'ஃபெட்ச்' என்ற தரவு கேட்கும் கட்டளையைக் கொண்டு தள முகவரிக்குப் பின்னால் 'ஏபிஐ' பாதையைச் சேர்த்து உங்கள் பட்டியலின் உருப்படிகளைக் கேளுங்கள். முதலில் எக்ஸ்எம்எல் வந்து மிரட்டும். அழைப்போடு போகும் 'அக்செப்ட்' தலைப்பில் ஜேசன் வேண்டும் என்று சொன்னால் ஒழுங்காக வரும். நெட்வொர்க் தாவலில் அதே அழைப்பைத் திறந்து, என்ன போயிற்று, என்ன வந்தது என்று வரி வரியாகப் படியுங்கள். வந்ததை எண்ணிப் பாருங்கள். பிறகு இங்கே வாருங்கள்.

#4 படிக்கட்டு

செய்தேன் ஐயா. ஆறு வருடமாகத் தினமும் பார்க்கும் பட்டியல் கன்சோலில் வந்து நின்றபோது ஏற்பட்ட சந்தோஷம் சொல்லி மாளாது. ஆனால் இரண்டு சிக்கல்.

ஒன்று, பட்டியலில் ஏறத்தாழ 7,000 உருப்படிகள் உண்டு. வந்தது 100 மட்டும். பிழை எதுவும் காட்டவில்லை.

இரண்டு, எங்கள் நெடுவரிசைகளுக்கெல்லாம் தமிழில்தான் பெயர். 'கோரிக்கை நிலை' என்று ஒன்று, 'கோரிக்கை தேதி' என்று ஒன்று. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அப்படி ஒரு புலமே இல்லை என்கிறது. வந்த ஜேசனில் எக்ஸும் எண்களுமாக ஏதோ நீளமாக இருக்கிறது.

#5 பழைய ஏடு

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தமிழில் பெயர் வைக்கும் நம்மைத்தான் இது அதிகம் படுத்துகிறது, ஆங்கிலப் பாடங்களில் இதைப் பற்றி ஒரு வரிகூட இராது.

ஒவ்வொரு நெடுவரிசைக்கும் இரண்டு பெயர். திரையில் தெரிவது ஒன்று, உள்ளே நிரந்தரமாக இருப்பது ஒன்று. உள்பெயர் நெடுவரிசையை உருவாக்கும் நொடியில் முடிவாகிறது; பின்னால் திரைப்பெயரை எத்தனை முறை மாற்றினாலும் உள்பெயர் மாறாது. உள்பெயரில் ஆங்கில எழுத்துகளும் எண்களும்தான் நேராக நிற்கும். மற்ற எழுத்து ஒவ்வொன்றும் அதன் யூனிகோட் எண்ணாக மாறும். 'க' என்றால் அடிக்கோடு, எக்ஸ், 0பி95, மறுபடி அடிக்கோடு என்று ஏழு இடம் பிடிக்கும். 'கோ' என்பது மெய்யும் உயிர்க்குறியுமாக இரண்டு குறியீடு, ஆகப் பதினான்கு இடம். உள்பெயருக்கு மொத்தமே 32 இடம். நான்கு குறியீடு முடிந்து ஐந்தாவதில் கத்தி விழுந்துவிடும். 'கோரிக்கை நிலை', 'கோரிக்கை தேதி' இரண்டும் ஒரே மாதிரித் தொடங்குவதால் வெட்டிய பிறகு இரண்டும் ஒன்றாகிவிடும். இரண்டாவதன் வாலில் ஓர் எண்ணை ஒட்டி வேறுபடுத்தும். எது நிலை, எது தேதி என்று ஆறு மாதம் கழித்து நீங்களே குழம்புவீர்கள்.

மருந்து எளிது. புதிய நெடுவரிசை உருவாக்கும்போது ஆங்கில எழுத்தில் இடைவெளி இல்லாமல் சின்னப் பெயர் கொடுத்துச் சேமியுங்கள். உடனே திரும்பப் போய்த் திரைப்பெயரைத் தமிழாக்குங்கள். பயனர் தமிழைப் பார்ப்பார், நிரல் சின்னப் பெயரைப் பார்க்கும். ஏற்கெனவே இருப்பவற்றுக்கு, பட்டியலின் 'ஃபீல்ட்ஸ்' முகவரியைக் கேட்டால் இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் வரும். அதை எடுத்து உங்கள் நிரலில் ஒரே கோப்பில் மாறிலிகளாக எழுதி வையுங்கள். நிரல் முழுக்க அந்த எக்ஸ் வால்களைத் தெளிக்காதீர்கள்.

இப்போது 100. நீங்கள் எத்தனை வேண்டும் என்று சொல்லாவிட்டால் 100 தரும், அவ்வளவுதான். 'டாப்' சொல்லி ஒரே அழைப்பில் 5,000 வரை கேட்கலாம். அதற்கு மேல் இருந்தால் பதிலோடு அடுத்த பக்கத்தின் முகவரியும் சேர்ந்து வரும், அதைப் பிடித்துக்கொண்டு போகலாம். ஆனால் தயவுசெய்து 7,000-ஐயும் இழுத்து உலாவியில் சலிக்காதீர்கள். நிலுவையில் இருப்பது எத்தனை? நூறோ இருநூறோ இருக்கும். அதை மட்டும் கேளுங்கள். அதற்கு முன் பட்டியல் அமைப்பில் நிலை நெடுவரிசைக்கு இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அகரவரிசை போன்றது) போடுங்கள். ஒரு பட்டியல் 3 கோடி உருப்படி வரை தாங்கும், ஆனால் ஒரு கேள்விக்காக 5,000-க்கு மேல் புரட்டிப் பார்க்க மறுத்துவிடும். இன்டெக்ஸ் இருந்தால் நேராக அந்த இருநூறிடம் போய்விடும்.

#6 தாழ்ப்பாள்

நான் அட்மின் பக்கம். நீங்கள் எழுதுவதை எங்கள் தளத்தில் ஏற்றலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவள். அங்கிருந்து சில வார்த்தை.

படிக்கட்டு கன்சோலில் செய்ததை அந்தப் பட்டியலைப் படிக்க அனுமதி உள்ள யாரும் செய்யலாம். இதை மனதில் ஆழமாக வாங்கிக்கொள்ளுங்கள். நான் பார்த்த ஒரு இடத்தில் சம்பள விவரம் ஒரு நெடுவரிசையில் இருந்தது. வெப் பார்ட்டில் மேலாளருக்கு மட்டும் அது தெரியும்படி நிரல் எழுதியிருந்தார்கள். திரையில் மறைந்திருந்தது, உண்மைதான். ஆனால் பட்டியலைப் படிக்க எல்லாருக்கும் அனுமதி இருந்ததால் எஃப்12 தெரிந்த எவரும் முழுசாகப் படித்திருக்கலாம். ஷேர்பாயின்ட்டில் நெடுவரிசைக்கென்று தனி அனுமதி கிடையாது. மறைக்க வேண்டியது இருந்தால் தனிப் பட்டியலில் வைத்து அந்தப் பட்டியலின் அனுமதியைக் குறையுங்கள். பொத்தானை மறைப்பது பயனரின் வசதிக்காக. பாதுகாப்பு பட்டியலில் இருக்க வேண்டும்.

கிராஃப் ஏபிஐக்கு (மின்னஞ்சல், பயனர் விவரம் போன்றவற்றைத் தரும் மைக்ரோசாஃப்ட் சேவை) அனுமதி கேட்கும்போதும் பலர் யோசிப்பதில்லை. உங்கள் பொதிக்குள் (தளத்தில் ஏற்றும் நிறுவல் கோப்பு) எழுதிக் கேட்கிறீர்கள், நாங்கள் ஒப்புதல் தருகிறோம். அப்படித் தரும் அனுமதி உங்கள் வெப் பார்ட்டோடு நிற்காது. நிறுவனத்தின் ஷேர்பாயின்ட்டில் ஓடும் மற்ற உலாவிப் பக்க நிரல்களுக்கும் அதே அனுமதி பயன்படும். பக்கத்தைத் திறப்பவரின் மின்னஞ்சலைப் படிக்கும் அனுமதி கேட்டு வரும் கோப்பை நான் திருப்பி அனுப்பினால் கோபிக்காதீர்கள். ஒருவரின் பெயரும் படமும் போதுமென்றால் அதை மட்டும் கேளுங்கள்.

இன்னொன்று: பயனர் தட்டச்சு செய்த உரையை 'இன்னர்எச்டிஎம்எல்' வழியாக (உரையை அப்படியே எச்டிஎம்எல்லாக எடுத்துக்கொள்ளும் வழி) திரையில் ஊற்றவே கூடாது. கோரிக்கையின் தலைப்பில் யாராவது நிரல் துண்டு வைத்திருந்தால், அதைத் திறக்கும் மேலாளரின் உரிமையோடு அது ஓடும். ரியாக்ட் வழக்கமான வழியில் இதைத் தடுத்துவிடும். அந்த வகையில் ஊசிநூல் பக்கம்தான் நான்.

ஸ்கிரிப்ட்டை நேராகப் பக்கத்தில் ஒட்டும் பழைய வழியை ஆன்லைனில் நாங்கள் திறந்துவிட்டாலும் 24 மணி நேரத்தில் தானாக மூடிக்கொள்ளும். அதை நம்பி எதையும் கட்டாதீர்கள்.

#7 ஊசிநூல்

ஏடு ஐயா சொன்ன உள்பெயர் விஷயம் எனக்கே புதுசு. நான் எப்போதும் ஆங்கிலப் பட்டியலோடுதான் வேலை செய்திருக்கேன். கன்சோலில் தொடங்கட்டும், ஒத்துக்கிறேன். ஆனால் ஒரு வாரம் அங்கே இருந்தால் போதும். தேடல் பெட்டி, ஏற்றிக்கொண்டிருக்கும் நிலை, பிழை நிலை, காலிப் பட்டியல், ஒப்புதல் பொத்தான் எல்லாம் ஒரே திரையில் வரும்போது வெறும் ஜாவாஸ்கிரிப்ட் முடிச்சு போட்டுக்கும். அதை அவிழ்க்கத்தான் ரியாக்ட்.

கற்கும்போது எல்லாரும் விழும் குழி இரண்டு சொல்றேன்.

நான் எழுதிய முதல் வெப் பார்ட்டில் யூஸ்எஃபெக்ட்டுக்கு இரண்டாவது மதிப்பாகக் கொடுக்க வேண்டிய, எது மாறினால் மறுபடி ஓடணும் என்ற பட்டியலை விட்டுட்டேன். தரவு வந்தது, ஸ்டேட் மாறியது, திரை மறுபடி வரைந்தது, அதனால் யூஸ்எஃபெக்ட் மறுபடி ஓடித் தரவு கேட்டது. பார்க்கத் திரை அமைதியாத்தான் இருந்தது. அடியில் நொடிக்குப் பல அழைப்பு. கொஞ்ச நேரத்தில் 429 (அழைப்பு அதிகம் என்ற பிழை எண்) வர ஆரம்பித்தது, 'கொஞ்சம் பொறுத்து வா' என்று எத்தனை நொடின்னும் தலைப்பில் சொல்லியிருந்தது. அதையும் நான் படிக்கலை. அன்றிலிருந்து வெப் பார்ட்டை முதல்முறை ஓட்டும்போது நெட்வொர்க் தாவலைத் திறந்து வெச்சு அழைப்புகளை எண்ணுவேன். பக்கம் ஒருமுறை ஏறினால் எத்தனை அழைப்பு போகணும்னு எழுதுவதற்கு முன்னாடியே சொல்லத் தெரியணும்.

அடுத்தது, ஃபெட்ச் 403 (அனுமதி இல்லை), 404 (அப்படி எதுவும் இல்லை) வந்தாலும் பிழையை எறியாது. பதில் வந்துடுச்சு, வெற்றின்னு நினைக்கும். 'ஓகே' என்ற பண்பை நீங்களே பார்த்து முடிவெடுக்கணும். ஷேர்பாயின்ட்டுக்கென்றே ஃப்ரேம்வொர்க் தரும் அழைப்பானும் இதில் அப்படித்தான்.

#8 கைவிளக்கு

போன வருடம் படிக்கட்டு நிற்கும் இடத்தில் நின்றவன் நான். நிரலைவிட நிறுவுவதில்தான் என் மாலைகள் போயின, அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நோட்டின் (ஜாவாஸ்கிரிப்ட்டை உலாவிக்கு வெளியே ஓட்டும் மென்பொருள்) பதிப்பு ஃப்ரேம்வொர்க் பதிப்போடு பொருந்தியே ஆகணும். 1.19 என்றால் நோட் 18, 1.21 என்றால் நோட் 22. புதுசுதான் நல்லதுன்னு கண்ணை மூடிட்டு நிறுவினால் சிவப்பு எழுத்தாகக் கொட்டும். பல பதிப்புகளை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளும் மேலாண்மைக் கருவி ஒன்றை முதல் நாளே நிறுவிடுங்க.

பாடம் எந்தக் காலத்ததுன்னு பாருங்க. கணினியிலேயே ஓடும் ஒர்க்பெஞ்சை (வெப் பார்ட்டைச் சோதிக்கும் பக்கம்) திறக்கச் சொன்னால் அது பழசு, 1.13-லேயே எடுத்துட்டாங்க. இப்போ உங்கள் தளத்திலுள்ள ஒர்க்பெஞ்ச்தான். கல்ப் என்ற கட்டுமானக் கருவியின் கட்டளைகளோடு இருக்கும் பாடங்களும் 1.22-க்கு முந்தினவை, அதிலிருந்து புதுத் திட்டங்களுக்கு ஹெஃப்ட். ஆட்-இன் பற்றிய பாடம் வந்தால் மூடிடுங்க, ஷேர்பாயின்ட் ஆன்லைனில் அதன் ஆயுள் 2026 ஏப்ரல் 2 வரைதான்.

மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தந்த பயிற்சித் தளம் 2024 தொடக்கத்திலிருந்து எல்லாருக்கும் கிடைப்பதில்லை. அட்மினிடம் ஒரு சோதனைத் தளமும், அந்தத் தளத்துக்கு மட்டுமான ஆப் கேட்டலாகும் (பொதிகளை ஏற்றும் இடம்) கேளுங்க. தவறு செய்தாலும் அந்தத் தளத்தோடு போகும்.

#9 தாழ்ப்பாள்

கைவிளக்கு கடைசியில் சொன்னதை மனதாரக் கொடுப்பேன். அப்படிக் கேட்டு வருபவர்களின் பொதிகளில்தான் எனக்குச் சந்தேகம் குறைவு.

#10 படிக்கட்டு

மூன்று வாரம் கழித்து வருகிறேன். முதல் வாரம் முழுக்கக் கன்சோல். பிறகு ரியாக்ட். நிலுவைப் பட்டியல் சோதனைத் தளத்தில் ஓடுகிறது. பக்கம் ஏறும்போது இரண்டே அழைப்பு போகிறது, எண்ணினேன்.

இப்போது ஒப்புதல் பொத்தான். கன்சோலில் எழுதிப் பார்த்தால் 403. எனக்கு அந்தப் பட்டியலில் முழு உரிமை இருக்கிறதே? வெப் பார்ட்டில் எழுதினால் போகிறது. மாதிரி நிரலில் 'இஃப்-மேட்ச்' தலைப்பில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கிறது, அது எதற்கு என்று புரியாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, தேதி எல்லாம் ஒரு நாள் குறைவாகத் தெரிகிறது.

#11 பழைய ஏடு

புரியாததை அப்படியே வைத்திருக்கிறேன் என்று சொன்னது நல்லது. அந்த நட்சத்திரம்தான் இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி.

403-ஐ முடித்துவிடுவோம். படிக்க உள்நுழைவு போதும். எழுத ஒரு டைஜஸ்ட்டும் வேண்டும். வேறொரு தளம் உங்கள் உலாவியை ஏமாற்றி உங்கள் பெயரில் எழுதிவிடாமல் காக்கும் சீட்டு அது. வழக்கமாக 30 நிமிடம் செல்லும். ஃப்ரேம்வொர்க்கின் அழைப்பான் அதைத் தானே வாங்கி இணைக்கிறது. கன்சோலில் நீங்கள்தான் 'கான்டெக்ஸ்ட்இன்ஃபோ' முகவரியில் வாங்க வேண்டும்.

இனி நட்சத்திரம். ஒவ்வொரு உருப்படிக்கும் ஈடேக் என்று ஒரு பதிப்படையாளம் உண்டு. யாராவது திருத்தினால் அது மாறும். எழுதும்போது 'நான் பார்த்த பதிப்பு இது' என்று அதை அனுப்பினால், இடையில் வேறொருவர் திருத்தியிருக்கும்போது 412 வந்து எழுத்து நிற்கும். நட்சத்திரம் போட்டால் 'இடையில் யார் என்ன செய்திருந்தாலும் கவலையில்லை, என்னுடையதை எழுது' என்று பொருள்.

ஒரு மேலாளர் காலை ஒன்பது மணிக்குப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுக் கூட்டத்துக்குப் போகிறார். பத்து மணிக்கு இன்னொருவர் அதே கோரிக்கையைக் காரணம் எழுதி நிராகரிக்கிறார். பதினொரு மணிக்கு முதலாமவர் திரும்பி வந்து, தன் திரையில் இன்னும் நிலுவை என்று தெரிவதால் ஒப்புதல் அழுத்துகிறார். நட்சத்திரம் இருந்தால் நிராகரிப்பு சத்தமில்லாமல் ஒப்புதலாகிவிடும். நிராகரித்தவருக்குத் தெரியாது, ஒப்புதல் தந்தவருக்கும் தெரியாது. தனியாக ஒருவர் பயன்படுத்தும் செயலி எழுதுபவருக்கு இந்தக் கவலை இல்லை. பலர் சேர்ந்து வேலை செய்யும் தளத்துக்கு எழுதுகிறவர் தன் திரையில் இருப்பது பழையதாகியிருக்கும் என்று எண்ணியே ஒவ்வொரு பொத்தானையும் எழுத வேண்டும். வாசிக்கும்போது வந்த ஈடேக்கை உருப்படியோடு வைத்திருந்து அனுப்புங்கள். 412 வந்தால் புதிய நிலையைத் திரும்ப வாசித்து, யார் எப்போது மாற்றினார் என்று காட்டிவிட்டு, முடிவை அவரிடமே விடுங்கள். தானாக மறுபடி எழுதிவிடாதீர்கள்.

#12 கைவிளக்கு

தேதி எனக்கும் நடந்தது. பட்டியல் தேதியை யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் அனுப்புது. தளத்தின் நேர மண்டலம் யூடிசிக்கு முன்னால் இருந்தால், நம்ம நள்ளிரவு அங்கே முந்தின நாள் மாலை. வந்த சரத்தின் முதல் பத்து எழுத்தை வெட்டிக் காட்டினால் ஒரு நாள் குறையும். முழுசாகத் தேதிப் பொருளாக மாற்றி, தளத்தின் நேர மண்டலத்தில் காட்டுங்க. வேறு மண்டலத்தில் இருப்பவர் திறந்தாலும் அதே தேதி தெரியணும், அதையும் சோதிங்க.

#13 ஊசிநூல்

டீம்ஸ் டேபுக்குப் பெரிசா எதுவும் இல்லை. அதே பொதிதான். மேனிஃபெஸ்ட்டில் (வெப் பார்ட்டின் விவரக் கோப்பு) எங்கெல்லாம் ஓடலாம் என்ற வரியில் டீம்ஸ் டேபையும் சேர்த்து, ஆப் கேட்டலாகிலிருந்து டீம்ஸுக்கு அனுப்பச் சொல்லணும். ஆனால் அங்கே கருப்புத் தீமும் உண்டு. நிறங்களைக் கையால் எழுதியிருந்தால் எழுத்து காணாமல் போகும், தீமிலிருந்து வாங்குங்க.

டீம்ஸ் போன்ற இன்னொரு அலுவலக அரட்டைச் செயலியான ஸ்லாக்குக்கு இப்படி எழுதலாமான்னு தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார். அங்கே திரையை நாம் வரைவதில்லை. பிளாக் கிட் என்ற அதன் திரைத் துண்டுகளின் வடிவில் ஜேசன் அனுப்பினால் ஸ்லாக் வரைந்துக்கும். பொத்தானை அழுத்தினால் 3 நொடிக்குள் நம் சேவையகம் 'கிடைத்தது' என்று சொல்லியாகணும். அதனால் அது சேவையகப் பக்கப் பாடம். தனி இழை போடுங்க, வரேன்.

#14 படிக்கட்டு

நட்சத்திரத்தை எடுத்துவிட்டேன். இரண்டு உலாவியில் இரண்டு கணக்கில் திறந்து, ஒன்றில் நிராகரித்து, மற்றதில் பழைய திரையில் ஒப்புதல் அழுத்தினேன். 412 வந்தது. திரையில் இப்போது இப்படிக் காட்டுகிறேன்: 'நீங்கள் பார்த்த பிறகு இந்தக் கோரிக்கை மாறியிருக்கிறது. புதிய நிலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.' அதற்குக் கீழே மாற்றியவரின் பெயரும் நேரமும்.

மேலாளரிடம் இதை மட்டும் தனியாகச் செய்து காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். போன வருடம் ஒரு கோரிக்கையை நிராகரித்தும் அது ஒப்புதல் ஆகியிருந்ததாம். தன் ஞாபகப் பிசகு என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறார். பழைய பக்கத்தின் நிரலைத் திறந்து பார்த்தேன். அங்கேயும் அந்த நட்சத்திரம் இருக்கிறது.

தாழ்ப்பாள் அக்கா, நிராகரிப்புக் காரணங்களைத் தனிப் பட்டியலுக்கு மாற்றுகிறேன். ஏடு ஐயா, புதுப் பட்டியலில் நெடுவரிசைகளை ஆங்கிலத்தில் உருவாக்கித் தமிழில் பெயர் மாற்றினேன். பழைய பட்டியலின் உள்பெயர்கள் பதினொன்றும் ஒரே கோப்பில் இருக்கின்றன. திங்கட்கிழமை பொதியை அட்மினிடம் கொடுக்கிறேன். கிராஃப் அனுமதி எதுவும் கேட்கவில்லை, தேவைப்படவில்லை.